கீ மாற்றியும் நிற்காத சுருதி: ஓர் எலெக்ட்ரிக் கிட்டாரின் நிகழ்வு ஆய்வு

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அந்தக் கிட்டார் என் வேலைமேசைக்கு வந்தது. ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகை. கம்பியின் அதிர்வைக் காந்தத்தால் பிடிக்கும் சிங்கிள் காயில் பிக்கப் மூன்று, கம்பிகளின் அடிமுனையைத் தாங்கி, கைப்பிடியை அமுக்கினால் அசைந்து சுருதியை ஆட்டும் ட்ரெமோலோ பிரிட்ஜ் ஆறு திருகில், பின்பக்கக் குழியில் மூன்று ஸ்பிரிங். கொண்டுவந்த தம்பி சர்ச் பாடகர் குழுவில் வாசிப்பவர். ஞாயிறு காலை ஆராதனைக்கு அது வேண்டும்.

"ரெண்டு பாட்டுக்கு ஒருதடவை ட்யூன் பண்ண வேண்டியிருக்குண்ணா. ட்யூனிங் கீ ஆறையும் புதுசா மாத்தியாச்சு. இன்னும் அதேதான்" என்றார். குரலில் களைப்பு தெரிந்தது. கீ (கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் முடுக்கி) மாற்றச் சொன்ன கடையில் அதற்கு நல்ல பணமும் வாங்கியிருக்கிறார்கள்.

என்னென்ன தொந்தரவு என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். ஜி கம்பியை விரலால் பக்கவாட்டில் தள்ளி பெண்ட் செய்துவிட்டு விட்டால் சுருதி இறங்கி நிற்கிறது. ட்ரெமோலோ கைப்பிடியை அமுக்கிவிட்டு விட்டால் நடுவிலுள்ள மூன்று கம்பிகளும் ஏறி நிற்கின்றன. ஈ மேஜர் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) இனிமையாக வரும்படி சேர்த்தால் ஜி மேஜர் கெடுகிறது, அதைச் சரிசெய்தால் ஈ மேஜர் கெடுகிறது. 12ஆவது ஃப்ரெட்டில் (விரல்பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கட்டையில்) தடித்த ஈ கம்பி ஏறியே கேட்கிறது, பிரிட்ஜில் கம்பி உட்காரும் சாடிலின் திருகை முழுக்கத் திருகியும் சேரவில்லை. கடைசியாக ஒன்று: அதே தடித்த ஈ கம்பியை மேல் ஃப்ரெட்டுகளில் வாசித்தால் ஒலி அலை அலையாக ஆடுகிறது.

இதைக் கேட்டவுடன் நான் செய்தது, இந்த ஐந்தையும் இரண்டு கூறாகப் பிரித்தது. சுருதி நிற்காதது ஒன்று, சுருதி சேராதது இன்னொன்று. சேர்த்து வைத்த கம்பி நேரம் போகப்போக நகர்ந்தால் அது நிற்காத சுருதி. திறந்த கம்பி சரியாகவே இருந்து, ஃப்ரெட்டில் அழுத்தும்போது மட்டும் விலகினால் அது சேராத சுருதி. கிட்டார்க்காரர்கள் இன்டோனேஷன் என்பது இந்த இரண்டாவதைத்தான். முதலாவதற்குக் காரணம் பெரும்பாலும் உராய்வு, இரண்டாவதற்குக் காரணம் அளவு. நோய் வேறு, மருந்தும் வேறு. இரண்டையும் கலந்துகொண்டு சாடில் திருகைத் திருகுகிறவர்கள்தான் அதிகம். சாடில் திருகால் நிற்காத சுருதியை நிறுத்தவே முடியாது.

அப்புறம் எப்போதும் கேட்கும் கேள்வியைக் கேட்டேன்: "கடைசியா எப்போ நல்லா இருந்துச்சு?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, இரண்டு மாதம் முன்னால் வரை பிரச்சினை இல்லை என்றார். அப்போது என்ன மாற்றினீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் மாற்றவில்லை, கம்பி மட்டும்தான் என்றார். 9-42 செட் (மெல்லிய கம்பி 0.009 அங்குலம், தடித்தது 0.042) போட்டிருந்தவர், ஒலி கனமாக வரட்டும் என்று ஒரு நண்பர் சொன்னதால் 10-46 போட்டிருக்கிறார்.

அந்த "மட்டும்" என்ற சொல்லில்தான் முழுக் காரணமும் இருந்தது.

கம்பி மாறினால் என்னவெல்லாம் மாறும்

கம்பியின் அதிரும் நீளம் 648 மில்லிமீட்டர் உள்ள கிட்டாரில் வழக்கமான சுருதிக்கு ஏற்றிய 9-42 செட், ஆறு கம்பியும் சேர்ந்து ஏறக்குறைய 38 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கும். 10-46 செட் ஏறக்குறைய 47 கிலோ. எட்டு, ஒன்பது கிலோ கூடுதல் இழுவிசை. கழுத்து அதற்கு ஏற்ப முன்னால் வளையும். பிரிட்ஜின் பின்பக்கம் எழும்பும், பின்னால் இருக்கும் ஸ்பிரிங்குகள் நீளும். பிரிட்ஜ் எழும்பினால் விரல்பலகைக்கு மேலே கம்பி நிற்கும் உயரம், அதாவது ஆக்‌ஷன் உயரும். சாடில்கள் முன்னால் சாயும், கம்பியின் அதிரும் நீளம் குறையும்.

கனமும் கூடுகிறது. தடித்த ஈ கம்பி 0.042 அங்குலத்திலிருந்து 0.046 ஆகிறது, அதாவது 1.07 மில்லிமீட்டரிலிருந்து 1.17. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதானே என்று தோன்றும். ஆனால் நட்டில், அதாவது கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் பள்ளமிட்ட துண்டில், 9-42 செட்டுக்கு இறுக்கமாக அறுக்கப்பட்ட பள்ளத்துக்குள் அந்தக் கம்பி அடிவரை போகாது. ஆப்பு மாதிரி நடுவிலேயே சிக்கி நிற்கும். சிக்கியதால் வழுக்காது, அடியில் உட்காராததால் உயரமாகவும் நிற்கும். ஆக, நிற்காத சுருதியும் சேராத சுருதியும் அந்த ஒரே பள்ளத்திலிருந்து கிளம்புகின்றன.

ஆனால் இதையெல்லாம் ஊகத்தில் வைத்துக்கொண்டு அரத்தைக் கையில் எடுக்கக்கூடாது. நட்டிலிருந்து சுரண்டி எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. முதலில் சோதனை.

உராய்வு எங்கே என்று கண்டுபிடித்தது

ட்ரெமோலோவை அமுக்கி விட்ட பிறகு ஆறு கம்பியும் ஒரே பக்கமாக நகர்ந்திருந்தால் குற்றம் பிரிட்ஜ் திருகிலோ, அது உட்காரும் விளிம்பிலோ இருக்கும். சில கம்பிகள் மட்டும் நகர்ந்தால் நட்டிலோ கீயிலோ இருக்கும். இங்கே பி கம்பியும் மெல்லிய ஈ கம்பியும் கிட்டத்தட்ட அசையவில்லை. ஏ, டி, ஜி மூன்றும் ஏறி நின்றன. பிரிட்ஜின் மீது இருந்த சந்தேகம் அங்கேயே தீர்ந்தது.

இனி நட்டா, கீயா? ஜி கம்பியை ஒரு முழுச் சுரம் பெண்ட் செய்து விட்டேன். டியூனர் 20 சென்ட்டுக்கு மேல் இறங்கிக் காட்டியது. (ஓர் அரைச்சுரத்தை நூறாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு சென்ட்.) கீயைத் தொடவில்லை. நட்டுக்கும் கீக்கும் இடையிலுள்ள துண்டுக் கம்பியை விரலால் ஒருமுறை அழுத்தி விட்டேன். சுருதி பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. கீ வழுக்கியிருந்தால் இப்படித் திரும்பவே திரும்பாது. பெண்ட் செய்யும்போது நட்டைத் தாண்டி உள்ளே வந்த கம்பி, விடும்போது திரும்பிப் போக முடியாமல் சிக்கிக்கொண்டது, அவ்வளவுதான். ட்ரெமோலோவை அமுக்கும்போது இதே கதை தலைகீழாக நடக்கிறது. கம்பி தளர்கிறது, கீப் பக்கம் கொஞ்சம் போய்விடுகிறது, திரும்பி வருவதில்லை, அதனால் ஏறி நிற்கிறது. ட்யூன் செய்யும்போது நட்டில் "டிங்" என்று ஒரு சத்தமும் வந்தது. சிக்கியிருந்த கம்பி விடுபட்டுக் குதிக்கும் சத்தம் அது. அந்தச் சத்தம் கேட்கும் கிட்டாரில் கீ மாற்றுவது வீண் செலவு.

எல்லோரும் ஜி கம்பியையே திட்டுவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. தளர்வான நிலையிலிருந்து சுருதிக்கு ஏற்றும்போது கம்பி நீள்கிறது. 10-46 செட்டில் மெல்லிய ஈ கம்பி, அதிரும் நீளத்துக்குள் ஏறக்குறைய 4.6 மில்லிமீட்டர் நீளும். சுற்று இல்லாத 0.017 அங்குல ஜி கம்பி 1.6 மில்லிமீட்டர்தான் நீளும். இழுவிசை இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே, ஆனால் ஜி கம்பியின் பருமன் அதிகம். இப்போது நட்டில் 0.05 மில்லிமீட்டர், அதாவது ஒரு தாளின் தடிமனில் பாதி, சிக்கிக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். மெல்லிய ஈ 9 சென்ட் நகரும். ஜி 25 சென்ட்டுக்கு மேல் நகரும். சிக்கல் ஒன்றுதான், ஜி கம்பிக்கு மட்டும் தண்டனை மூன்று மடங்கு. ஜி கம்பி மட்டமான கம்பி இல்லை. கிட்டாரின் மற்ற குறைகளையெல்லாம் பெரிதாக்கிக் காட்டுவது அதுதான்.

சேராத சுருதி

இரண்டாவது கூறுக்கு வந்தேன். 12ஆவது ஃப்ரெட்டை மட்டும் பார்த்து இன்டோனேஷனைத் தீர்மானிப்பது பாதி வேலை. நான் 1, 3, 12 மூன்றிலும் பார்ப்பேன். தடித்த ஈ கம்பியில் முதல் ஃப்ரெட் 14 சென்ட் ஏற்றம், மூன்றாவது 9, பன்னிரண்டாவது 12. ஜி கம்பியின் முதல் ஃப்ரெட் 12 சென்ட் ஏற்றம்.

முதல் ஃப்ரெட்டில் இவ்வளவு ஏறினால் சாடில் அதற்குப் பதில் சொல்ல முடியாது. நட் உயரமாக இருக்கும்போது முதல் ஃப்ரெட்டைத் தொட கம்பியை வெகுதூரம் கீழே அழுத்த வேண்டியிருக்கிறது. அழுத்தினால் இழுவிசை கூடும், சுருதி ஏறும். இந்தப் பாதிப்பு நட்டின் அருகில்தான் அதிகம். இரண்டாவது, மூன்றாவது ஃப்ரெட்டுகளுக்கு நடுவே கம்பியை அழுத்திப் பிடித்து, முதல் ஃப்ரெட்டுக்கு மேலே எவ்வளவு இடைவெளி என்று பார்த்தேன். மயிரிழை அளவு இருந்தால் போதும். டி, ஏ, தடித்த ஈ மூன்றிலும் வெளிச்சம் தாராளமாகத் தெரிந்தது.

ஈ மேஜரும் ஜி மேஜரும் சண்டை போட்ட காரணமும் இதிலேயே விளங்கியது. ஈ மேஜர் கார்டில் ஜி கம்பியின் முதல் ஃப்ரெட் வருகிறது, அது ஏறிக் கேட்கிறது. தம்பி காதால் கேட்டு, அது இனிக்கும்வரை ஜி கம்பியைத் தளர்த்தினார். ஆனால் ஜி மேஜரில் அதே கம்பி திறந்து ஒலிக்கிறது, தளர்ந்துபோய் ஒலிக்கிறது. அதோடு தடித்த ஈ கம்பியின் மூன்றாவது ஃப்ரெட் வேறு 9 சென்ட் ஏறியிருக்கிறது. இரண்டும் ஒரே சுரம்தான், ஆனால் நடுவே 20 சென்ட்டுக்கு மேல் இடைவெளி. கேட்க நன்றாக இருக்குமா?

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் வீணை ஞாபகம் வரும். அதில் 24 மெட்டுகளும் (வீணையின் ஃப்ரெட்டுகள்) மெழுகில் பதிந்திருக்கும். கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றையும் நகர்த்தி வைக்கும் கைகாரர்கள் இருக்கிறார்கள். கிட்டார் ஃப்ரெட் மரத்தில் அடித்தது, நகராது. ஒவ்வொரு ஃப்ரெட்டின் இடமும் கணக்கு: மொத்த நீளத்தை 17.817 ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட், நம் கிட்டாரில் நட்டிலிருந்து 36.4 மில்லிமீட்டர். மீதி நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்த ஃப்ரெட். அழுத்தினால் இழுவிசை கூடும் என்பது இந்தக் கணக்கில் கிடையாது. அதை ஈடுகட்டத்தான் சாடில் கொஞ்சம் பின்னால் தள்ளி நிற்கிறது. 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ஆறு கம்பிக்கும் தனித்தனி சாடில். அதே ஆண்டு கிப்சனில் வந்த ட்யூனோமேட்டிக் பிரிட்ஜும் அப்படித்தான். நம் கையில் இருப்பது அந்த ஆறு திருகுகள் மட்டுமே, அவற்றின் சக்தியும் சிறியது. சாடிலை ஒரு மில்லிமீட்டர் பின்னால் நகர்த்தினால் 12ஆவது ஃப்ரெட்டில் 2.7 சென்ட்தான் இறங்கும். 12 சென்ட் இறக்க 4.5 மில்லிமீட்டர் வேண்டும். தம்பியின் கிட்டாரில் சாடில் ஸ்பிரிங் ஏற்கெனவே நசுங்கி முட்டியிருந்தது. திருக இடமில்லாமல் போனால், திருகு குற்றவாளி இல்லை என்று புரிந்துகொள்ள வேண்டும்.

வேலை நடந்த வரிசை

முதலில் பழைய கம்பிகளைக் கழற்றினேன். இரண்டு மாதம் ஒரே செட். சென்னையின் உப்புக்காற்றும் வியர்வையும் சேர்ந்து அடிப்பக்கம் கறுத்து, ஃப்ரெட் படும் இடங்களில் பள்ளம் விழுந்திருந்தது. எடை ஒரே சீராக இல்லாத கம்பியில் மேல்சுரங்களே சரியாக நிற்காது, அதை வைத்து இன்டோனேஷன் பார்ப்பது கோணல் ஸ்கேலால் கோடு போடுவது போல. புது 10-46 செட் போட்டேன். அவர் அந்த ஒலியை விரும்புகிறார், கிட்டாரை அதற்குத் தயார் செய்வதுதான் என் வேலை. கீயில் இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் இல்லாமல் சுற்றி, ஒவ்வொரு கம்பியையும் கையால் இழுத்து விட்டு, மறுபடி ஏற்றினேன். இறக்கிச் சேர்க்காமல் எப்போதும் கீழிருந்து ஏற்றிச் சேர்ப்பது என் வழக்கம். கீயின் பல்லில் இருக்கும் தளர்வு அப்போதுதான் இறுகும்.

அடுத்து கழுத்து. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, கடைசி ஃப்ரெட்டை அழுத்தி, எட்டாவது ஃப்ரெட்டில் இடைவெளி அளந்தேன். பைக் மெக்கானிக் டேப்பெட் பார்க்க வைத்திருக்கும் அதே ஃபீலர் கேஜ்தான் என்னிடமும். 0.5 மில்லிமீட்டர் இருந்தது. கழுத்தின் வளைவைத் திருத்தும் ட்ரஸ் ராடை ஒரு கால் சுற்று இறுக்கி, காத்திருந்து, இன்னும் கொஞ்சம் இறுக்கி 0.25க்குக் கொண்டுவந்தேன். மரம் உடனே பதில் சொல்லாது, அவசரப்படக்கூடாது.

பிரிட்ஜின் பின்பக்கம் உடலிலிருந்து ஐந்தரை மில்லிமீட்டர் எழும்பி நின்றது. நான்காவது ஸ்பிரிங் ஒன்று சேர்த்து, பிடிக்கொக்கியின் இரண்டு திருகுகளையும் சரிசெய்து மூன்றுக்கு இறக்கினேன். இதுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. கம்பிக்கும் ஸ்பிரிங்குக்கும் நடப்பது கயிறு இழுக்கும் போட்டி. ஒரு கம்பியை ஏற்றினால் மற்ற ஐந்தும் இறங்கும். திருகு, ட்யூன், அள, மறுபடி திருகு. ஏழெட்டு முறை ஆனது. அதன் பிறகு ஆக்‌ஷனை 12ஆவது ஃப்ரெட்டில் தடித்த ஈ பக்கம் 1.9, மெல்லிய ஈ பக்கம் 1.6 என்று வைத்தேன்.

நட்டுக்கு வந்தேன். டி, ஏ, தடித்த ஈ மூன்றுக்கும் கம்பியின் கனத்தைவிட ஒரு நூல் அகலமான நட் ஃபைலால் பள்ளத்தை அகலப்படுத்தினேன். அடிப்பக்கம் கீயை நோக்கிச் சற்றே சரிய வேண்டும், கம்பி விரல்பலகைப் பக்க விளிம்பில்தான் உட்கார வேண்டும். ஒவ்வோர் இரண்டு இழுப்புக்கும் ஒருமுறை கம்பியை மாட்டிப் பார்த்தேன். ஆழம் கூடினால் திறந்த கம்பி முதல் ஃப்ரெட்டில் உரசி இரையும், நட்டையே மாற்ற நேரிடும். ஜி பள்ளத்துக்கு ஃபைல் அதிகம் தேவைப்படவில்லை, மெல்லிய உப்புத்தாளை மடித்து வழவழப்பாக்கினேன். கடைசியில் எல்லாப் பள்ளத்திலும் பென்சில் கரி. "டிங்" சத்தம் நின்றது.

இங்கே நான் ஒரு தவறு செய்தேன், அதையும் எழுதத்தான் வேண்டும். நட் முடிந்ததும் உற்சாகத்தில் நேராக இன்டோனேஷனுக்குப் போய்விட்டேன். ஐந்து கம்பி சேர்ந்தன. தடித்த ஈ கம்பிக்கு டியூனர் முள் ஓரிடத்தில் நிற்கவே இல்லை. ஏறியும் இறங்கியும் ஆடியது. அரைமணி நேரம் சாடிலை முன்னும் பின்னும் நகர்த்திய பிறகுதான் தம்பி சொன்ன ஐந்தாவது தொந்தரவு நினைவுக்கு வந்தது. ஒலி அலை அலையாக ஆடுகிறது என்றாரே, அது. கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பார்த்தால் கழுத்துப் பக்க பிக்கப்பின் காந்தத்துக்கும் தடித்த ஈ கம்பிக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர்தான். சத்தம் கூடட்டும் என்று யாரோ ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஸ்ட்ராட் பிக்கப்பின் காந்தம் வலுவானது. இவ்வளவு அருகில் இருந்தால் கம்பியைத் தன் பக்கம் இழுக்கும். மேலும் கீழுமாக அதிரும் அதிர்வுக்கும் பக்கவாட்டு அதிர்வுக்கும் சுருதி லேசாக வேறுபட்டு, இரண்டும் மோதும். அந்த மோதல்தான் அலை. பிக்கப்பைத் தடித்த பக்கம் 2.4, மெல்லிய பக்கம் 2 மில்லிமீட்டருக்கு இறக்கியதும் முள் நின்றது. இன்டோனேஷனை ஆறு கம்பிக்கும் மறுபடி முதலிலிருந்து செய்தேன்.

முடிந்தபோது சாடில்கள் இருக்க வேண்டிய ஒழுங்கில் நின்றன. மெல்லிய ஈயிலிருந்து பி, ஜி என்று படிப்படியாகப் பின்னால் போய், டி கம்பியில் முன்னால் தாவி, மறுபடி ஏ, தடித்த ஈ என்று பின்னால். சுற்றுக் கம்பியில் விறைப்பைத் தீர்மானிப்பது உள்ளிருக்கும் மெல்லிய நடுக்கம்பிதான். அதனால் டி கம்பியைவிட சுற்றில்லாத ஜி பின்னால் நிற்கும். எந்தக் கிட்டாரையும் எடுத்து இந்த இரட்டைப் படிக்கட்டு இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

தடித்த ஈ: முதல் ஃப்ரெட் 4 சென்ட், மூன்றாவது 2, பன்னிரண்டாவது 0. ஜி கம்பியின் முதல் ஃப்ரெட் 3. பத்துமுறை பெண்ட் செய்து விட்டாலும் ஜி இறங்குவது 2 சென்ட்டுக்குள்.

திருகால் தீராதது

வெள்ளிக்கிழமை மாலை தம்பி வந்து வாசித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. ஈ மேஜர் போட்டதும் மட்டும் நெற்றி சுருங்கியது. "இன்னும் ஒரு துளி ஏறிக் கேக்குதே அண்ணா?"

அவர் காது பொய் சொல்லவில்லை. தம்பூராவின் மந்தர சட்ஜக் கம்பியில் தானாகவே ஒரு காந்தாரம் கேட்கும், ஸ்வயம்பு காந்தாரம் என்பார்கள். அடிப்படைச் சுரத்திலிருந்து 386 சென்ட் தொலைவில் இருப்பது. கிட்டார் ஃப்ரெட்டுகள் எல்லாச் சுரத்துக்கும் சமமாகப் பங்கிட்டவை, அதன் காந்தாரம் (ஈ மேஜரில் ஜி கம்பியின் முதல் ஃப்ரெட்) 400 சென்ட்டில் நிற்கிறது. 14 சென்ட் ஏற்றம். பாடகர் குழுவில் பாடிப் பழகிய காது அந்த இயற்கைக் காந்தாரத்தைத் தேடுகிறது. ஜி கம்பியைத் தளர்த்தி அதைக் கொண்டுவந்தால், அதே கம்பி திறந்து ஒலிக்கும் கார்டுகள் எல்லாம் கெடும். ஈ மேஜரிலேயே அதிகம் நிற்கும் பாட்டு என்றால் ஜி கம்பியை நாலைந்து சென்ட் மட்டும் தளர்த்திக்கொள்ளச் சொன்னேன், மற்றபடி டியூனர் சொல்வதே வழி. முதல் ஃப்ரெட்டுகளை முரட்டுத்தனமாக அழுத்தாமல் ஒலி வரும் அளவுக்கு மட்டும் அழுத்திப் பழகச் சொன்னேன். அதிலேயே மூன்று நாலு சென்ட் குறையும். இரண்டையும் செய்து பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

ஞாயிறு மதியம் அழைத்தார். ஆராதனை முழுக்க சுருதி நின்றதாம். முதல் பாட்டில் மட்டும் ஜி கம்பி ஏறிவிட்டது. எப்படி எடுத்துப்போனீர்கள் என்று கேட்டேன். பைக்கில் வெயிலில் போய், ஏசி ஹாலுக்குள் நுழைந்தவுடன் பையைத் திறந்து ட்யூன் செய்துவிட்டு நேரே மேடையேறியிருக்கிறார். மரம் மெதுவாகக் குளிரும், மெல்லிய எஃகுக் கம்பி உடனே குளிர்ந்து சுருங்கும். ஐந்து டிகிரி குறைந்தாலே மெல்லிய ஈ கம்பி 7 சென்ட் ஏறும், ஜி 20. மறுபடியும் அதே ஜி. இப்போது அரைமணி முன்னதாகப் போய், பையைத் திறந்து கிட்டாரை மேடையிலேயே வைத்துவிட்டு, அதற்குப் பிறகு ட்யூன் செய்கிறார்.